கன்னியாகுமரி ஏன் தமிழ்நாட்டோடு சேர்ந்து ஓட்டுப் போடுவதில்லை?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திராவிடக் கட்சிகளின் ஆட்சிதான் நடக்கிறது. அப்படியிருக்க, கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் மட்டும் ஏன் காங்கிரஸ் இல்லையென்றால் பாஜக என்றே முடிவு வருகிறது? கிறிஸ்தவர்கள் அதிகம் என்பதால் காங்கிரஸ், இந்துக்கள் ஒன்று சேர்ந்தால் பாஜக, இவ்வளவுதானே கணக்கு? கேட்டவர் வெளிமாவட்டக்காரர் என்பது கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. அதில் தவறில்லை. எங்கள் ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேர் இதே கணக்கைத்தான் சொல்வார்கள். நாகர்கோவிலில் நாளிதழ் நிருபராகப் பல தேர்தல்களைப் பார்த்தவன், கோணத்து வாக்கு எண்ணும் மையத்தில் சுற்றுச் சுற்றாகக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதி 1956-க்கு முன்னால் கிடக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். திராவிடக் கட்சி இங்கே ஜெயித்ததே இல்லை என்பது உண்மையல்ல. 2009-ல் திமுகவின் ஹெலன் டேவிட்சன் வென்றார். இந்தத் தொகுதியின் முதல் பெண் எம்.பி.யும் அவர்தான். 2004-ல் வென்ற பெல்லார்மின் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். ஒருமுறைகூட ஜெயிக்காத பெரிய கட்சி என்று சொல்வதானால் அது அதிமுக. தமிழ்நாட்டை எத்தனையோ முறை ஆண்ட கட்சிக்கு இந்த மக்களவைத் தொகுதி மட்டும் கைக்கு வரவேயில்லை.

இப்போது பழைய கதைக்கு வருவோம். 1951-52-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாகர்கோவில் தொகுதி சென்னை மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்பதே அன்றைய அரசியல். அதற்காகவே இருந்த கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். பெயரில் காங்கிரஸ் இருந்தாலும் அது இந்திய தேசிய காங்கிரஸின் கிளை அல்ல. அந்தக் காங்கிரஸின் நிலைப்பாட்டை எதிர்த்து வளர்ந்த தனிக்கட்சி. அதன் சார்பில் நாகர்கோவிலில் வென்று டெல்லி போனவர் வழக்கறிஞர் நேசமணி. பிற்காலத்தில் எங்கள் மாவட்டத்து அரசுப் பேருந்துகளில் எல்லாம் பெயர் ஓடியதே, அதே நேசமணிதான். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் போலீஸ் சுட்டதில் போராட்டக்காரர்கள் இறந்தார்கள். அப்போது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. பிறகு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி 1956 நவம்பர் 1-ல் நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதே போராட்டத்தில் கேட்கப்பட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன.

போராட்டம் முடிந்ததும் அந்தக் கட்சி காமராஜரின் காங்கிரஸில் கரைந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் தமிழ் உணர்வு என்ற மூலதனத்தைத் திரட்டி வளர்ந்தது திமுக. இங்கே அந்த மூலதனம் திமுக வந்து சேர்வதற்கு முன்பே இன்னொரு கட்சியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. தமிழுக்காகத் துப்பாக்கிச் சூடு வாங்கியவர்கள் காங்கிரஸ்காரர்களாகிவிட்டார்கள். பிராமணர் எதிர்ப்பும் இங்கே பெரிதாக எடுபடவில்லை. இவர்கள் மோதியது திருவிதாங்கூர் அரசோடும் அதன் சாதி அடுக்கோடும். அந்தச் சண்டையை மிஷன் பள்ளிகளும் அய்யா வைகுண்டரின் பதிகளும் (அய்யாவழி வழிபாட்டிடங்கள்) நூறாண்டுக்கு முன்பே தொடங்கியிருந்தன. திராவிட இயக்கம் வந்தபோது மேடை காலியாக இல்லை. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

1951 முதல் 1998 வரை, 1969 இடைத்தேர்தலையும் சேர்த்தால், இந்தத் தொகுதி 13 முறை ஓட்டுப் போட்டது. 13 முறையும் ஜெயித்தவர்கள் ஒரே நீரோட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான், கட்சிப் பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. 1951-ல் நேசமணி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1957-ல் தாணுலிங்க நாடார், 1962-லும் 1967-லும் மறுபடி நேசமணி, மூன்றும் இந்திய தேசிய காங்கிரஸ். 1968 ஜூனில் நேசமணி காலமானார். இடைத்தேர்தலில் காமராஜர் வந்து நின்றார். 1971-ல் அதே காமராஜர், இந்திராவை எதிர்த்துப் பிரிந்து நின்ற ஸ்தாபன காங்கிரஸின் வேட்பாளர். 1977-ல் குமரி அனந்தன், இந்திரா காங்கிரஸை எதிர்த்த ஸ்தாபன காங்கிரஸ்-ஜனதா அணி. 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு முறை டென்னிஸ். முதல் நான்கு முறை கை சின்னம், 1996-லும் 1998-லும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ், சைக்கிள். சின்னத்துக்குத்தான் ஓட்டு என்றால் இது நடந்திருக்காது. உள்ளூரில் யார் கையில் அந்தப் பழைய காங்கிரஸ் அமைப்பு இருந்ததோ அவர் பின்னால் ஓட்டு போயிருக்கிறது.

1969-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1967-ல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் காமராஜர் தோற்றது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே 1967-ல் சென்னை மாநிலத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. அதில் ஒன்று நாகர்கோவில். தோற்ற தலைவருக்குப் பாதுகாப்பான இடம் எது என்று காங்கிரஸ் தேடியபோது விடை தயாராக இருந்தது. 1969 ஜனவரியில் ஆளும் திமுகவின் ஆதரவோடு சுதந்திரா கட்சியின் மத்தியாஸ் எதிர்த்து நின்றார். காமராஜர் 1,28,000-க்கு மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிர்த்து நின்றவர் கிறிஸ்தவர், ஜெயித்தவர் இந்து. மத எண்ணிக்கைதான் எல்லாம் என்பவர்கள் இந்தத் தேர்தலுக்கு என்ன விளக்கம் சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'காமராஜரும் நாடார்தானே' என்பார்கள். சரி, அப்படியானால் மதத்தை விட்டுச் சாதிக்குத் தாவிவிட்டோம் என்று அர்த்தம். ஒரே தொகுதியை ஒரு தேர்தலுக்கு மதத்தாலும் அடுத்த தேர்தலுக்குச் சாதியாலும் விளக்கினால் அது ஆய்வாகாது, ஜோசியமாகத்தான் இருக்கும்.

1971 இன்னும் விசேஷம். திமுகவும் இந்திரா காங்கிரஸும் கைகோத்து நின்ற அந்த அலையில் 39-ல் 38 அந்த அணிக்கு. மிச்சமிருந்த ஒன்று காமராஜரின் நாகர்கோவில். 1977-ல் அதிமுக-இந்திரா காங்கிரஸ் அணி மாநிலத்தை வாரிக்கொண்டபோது இங்கே குமரி அனந்தன். 1998-ல் அதிமுக-பாஜக அணி 30 இடங்களைப் பிடித்தபோது இங்கே எதிரணியின் டென்னிஸ். 2014-ல் ஜெயலலிதா தனித்து நின்று 37 தொகுதிகளை அள்ளியபோது கைநழுவிய இரண்டில் ஒன்று கன்னியாகுமரி, மற்றது தருமபுரி. அந்தத் தேர்தலில் இங்கே அதிமுகவுக்கு மூன்றாம் இடம். மாநிலத்தில் காற்று எந்தப் பக்கம் என்பதை வைத்து இந்தத் தொகுதியைக் கணிப்பது அவ்வளவு பாதுகாப்பான வேலையல்ல.

சரி, பாஜக எங்கிருந்து வந்தது? 1982 மார்ச்சில் மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடை நேரத்தில் வெடித்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் தொட்டுத்தான் இந்தக் கதை தொடங்கும். நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது அதைத்தான். பலருக்குத் தெரியாத ஒரு திருப்பம் இங்கே உண்டு. 1957-ல் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த, நேசமணியோடு தமிழக இணைப்புக்குப் போராடிய அதே தாணுலிங்க நாடார்தான் எண்பதுகளில் இந்து முன்னணியின் தலைவராக நின்றவர். ஒரே போராட்டத்தில் தோளோடு தோள் நின்றவர்களின் வாரிசு அரசியல் பிற்பாடு இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று எதிர்த்தது. எங்கள் மாவட்டத்து அரசியலை ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால் அவர் வாழ்க்கையைப் பாருங்கள்.

கலவரத்தின் விளைவு சட்டமன்றத்தில் சீக்கிரமே தெரிந்தது. 1984-ல் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணி ஆதரவோடு நின்ற பாலச்சந்திரன் வென்றார். 1996-ல் அதே பத்மநாபபுரம்தான் தமிழ்நாட்டுக்கு முதல் பாஜக சட்டமன்ற உறுப்பினரைக் கொடுத்தது, வேலாயுதன். ஆனால் மக்களவையில்? கலவரம் நடந்து இரண்டே ஆண்டில், 1984-ல், டென்னிஸ்தான் மறுபடி ஜெயித்தார். பாஜக ஜெயிக்க 1999 வரை, பதினேழு ஆண்டு ஆனது. அதுவும் தனியாக அல்ல, திமுக அந்த ஆண்டு தேசிய ஜனநாயகக் கூட்டணியில் இருந்தது. பொன். ராதாகிருஷ்ணன், எங்கள் ஊர்ப் பேச்சில் பொன்னார், அதற்கு முந்தைய ஆண்டு டென்னிஸிடம் தோற்றவர், இப்போது டென்னிஸைத் தோற்கடித்தார். 2004-ல் திமுக, காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லாம் ஓரணி ஆனதும் அவர் தோற்றார். ஆக, இந்து ஓட்டு ஒன்று சேர்ந்ததால்தான் 1999 வெற்றி என்று சொல்பவர்கள், ஐந்தே ஆண்டில் அது ஏன் கலைந்தது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். கலைந்தது கூட்டணி. அந்தப் பதில்தான் எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது.

தொகுதி மறுவரையறையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2009 முதல்தான் இது 'கன்னியாகுமரி' தொகுதி, அதற்கு முன் 'நாகர்கோவில்'. பழைய அமைப்பில் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூரோடு இருந்தது. இப்போது திருவட்டாறு என்ற சட்டமன்றத் தொகுதி இல்லை, கன்னியாகுமரி உள்ளே வந்துவிட்டது, மொத்த மாவட்டமும் ஒரே மக்களவைத் தொகுதி. எனவே 2004-க்கு முந்தைய எண்களையும் 2009-க்குப் பிந்தைய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்களை நம்பாதீர்கள். எல்லை வேறு.

2009-க்குப் பிறகு எல்லை ஒன்றுதான், பாஜக வேட்பாளரும் ஒருவர்தான். எனவே தைரியமாக ஒப்பிடலாம். பொன்னார் வாங்கிய ஓட்டுகள் இவை: 2009-ல் 2,54,474. 2014-ல் 3,72,906. 2019-ல் 3,67,302. 2021 இடைத்தேர்தலில் 4,38,087. 2024-ல் 3,66,341. 2014-ல் இந்த 3.73 லட்சத்தை வைத்து அவர் 1,28,662 வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019-ல் ஏறத்தாழ அதே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு 2,59,933 வித்தியாசத்தில் தோற்றார். அவருடைய பெட்டி மாறவில்லை, எதிர்ப் பெட்டிதான் மாறியது. 2014-ல் காங்கிரஸின் வசந்தகுமார் 2,44,244, அதிமுக 1,76,239, திமுக 1,17,933, மார்க்சிஸ்ட் 35,284 என்று நான்காகச் சிதறிக் கிடந்தது. கூட்டினால் 5.73 லட்சம் வரும். 2019-ல் திமுகவும் இடதுசாரிகளும் காங்கிரஸோடு சேர்ந்தார்கள், வசந்தகுமாருக்கு 6,27,235. 'ஓட்டுப் பிரியுமா பிரியாதா' என்று மார்த்தாண்டத்து டீக்கடையில் கேட்பார்களே, தொகுதியின் மொத்த அரசியல் விஞ்ஞானமும் அந்த ஒரு கேள்விதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019-ல் அதிமுக பாஜகவோடு இருந்தது. 2014-ல் அது தனியாக வாங்கிய 1.76 லட்சம் பொன்னாருக்குப் போயிருந்தால் அவர் ஐந்தரை லட்சத்தை நெருங்கியிருக்க வேண்டும். மாறாக ஐயாயிரத்துச் சொச்சம் குறைந்தது. 2024-ல் அதிமுக விலகிப் போய்த் தனியாக நின்றது. பாஜகவுக்கு ஏற்பட்ட இழப்பு வெறும் 961 ஓட்டு. அதிமுக அந்தத் தேர்தலில் நாம் தமிழருக்கும் கீழே நான்காம் இடத்துக்குப் போனது. மக்களவைத் தேர்தலில் இங்கே அதிமுகவின் ஓட்டு பாஜகவுக்கு மாறவில்லை என்று சொல்ல இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. விதிவிலக்கு 2021. அன்று சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒரே நாளில் ஓட்டு. பாஜகவுக்கு 2019-ஐ விட எழுபதாயிரம் கூடியது, நாகர்கோவில் சட்டமன்றத்தில் பாஜகவின் எம்.ஆர். காந்தியும் கன்னியாகுமரியில் அதிமுகவின் தளவாய் சுந்தரமும் ஜெயித்தார்கள். அதிமுககாரர்கள் தங்கள் வேட்பாளருக்காக பூத் வேலை பார்த்தபோது கூடவே தாமரைக்கும் கேட்டார்கள், அதனால் கூடியது என்பது என் ஊகம். ஊகம்தான். வசந்தகுமார் கொரோனாவில் இறந்து மகன் விஜய் வசந்த் நின்ற தேர்தல் என்பதால் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம்.

மதக் கணக்குக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, இஸ்லாமியர் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். பாஜக 2019-ல் வாங்கியது 35 சதவீதம். அத்தனையும் இந்து ஓட்டு என்றே வைத்துக்கொண்டாலும் இந்துக்களில் கணிசமானவர்கள் பாஜகவுக்குப் போடவில்லை என்பது கூட்டல் கழித்தலிலேயே தெரிகிறது. கிறிஸ்தவர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் தவறு. கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்க மீனவர் ஊரும் உள்நாட்டு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) நாடார் ஊரும் பல சமயம் வேறு வேறு பக்கம் போட்டிருக்கின்றன. விளவங்கோட்டிலும் திருவட்டாற்றிலும் மார்க்சிஸ்டுகள் பலமுறை சட்டமன்றத்துக்கு ஜெயித்தது ரப்பர், முந்திரித் தொழிலாளர்களின் சங்கத்தால், அங்கே மதத்தைத் தாண்டி ஓட்டு விழுந்தது.

யார் எந்த மதத்தார், யாருக்குப் போட்டார் என்று எந்த அரசு ஆவணமும் சொல்லாது. எங்களிடம் இருப்பது படிவம் 20, அதாவது வாக்குச்சாவடி வாரியான இறுதி முடிவுத் தாள். தூத்தூர் போன்ற ஒரு கடற்கரை ஊரின் பூத்தில் ஊரே ஒரு பங்கு, அதாவது ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தது, எனவே அந்தத் தாளைப் பார்த்துச் சிலதை ஓரளவு சொல்லலாம். தக்கலைப் பக்கத்து ஒரு பூத்தில் கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றின் ஆட்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அந்தப் பூத்தின் எண்ணை வைத்து யார் எப்படிப் போட்டார் என்று சொல்பவர் கற்பனை செய்கிறார். தொலைக்காட்சி விவாதங்களில் வரும் 'இந்து ஓட்டில் இத்தனை சதவீதம்' எல்லாம் இந்த வகைதான்.

2019-ன் பெரிய வித்தியாசத்துக்குக் கூட்டணி மட்டும் காரணமா என்றால், இல்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, தேடும் பணி தாமதம் என்று கொதித்து டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்திலேயே உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் பொன்னார் மத்திய இணை அமைச்சர், கப்பல் துறையும் பார்த்தவர். இனயத்தில் முதலில், பிறகு கோவளம்-மணக்குடிப் பக்கம் என்று பேசப்பட்ட சரக்குப் பெட்டகத் துறைமுகத்தைக் கடற்கரை முழுக்க எதிர்த்தது. மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் அவர் காலத்தில்தான் வந்தன, அதை எதிரிகளும் மறுக்கமாட்டார்கள். ஆனாலும் அவர் ஓட்டு கூடவில்லை. துறைமுகத் திட்டம் மட்டும் வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எண்கள் சொல்வது இதுதான்: அவருடைய ஆட்கள் அவரை விட்டுப் போகவில்லை, புதிதாகவும் யாரும் வரவில்லை, எதிரில் இருந்தவர்கள் ஓரிடத்தில் திரண்டார்கள்.

'வாரிசு அரசியல்தானே' என்று கேள்வியின் கடைசியில் ஒரு குத்து இருந்தது. வசந்தகுமார் குமரி அனந்தனின் தம்பி, விஜய் வசந்த் வசந்தகுமாரின் மகன். ஆக 1977, 2019, 2021, 2024 என்று நான்கு முறை ஒரே அகஸ்தீஸ்வரத்துக் குடும்பம். பாஜகவின் தமிழிசை குமரி அனந்தனின் மகள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் குடும்பம் இரண்டு பக்கமும் நிற்கிறது. குடும்பப் பெயர் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே வசந்தகுமார் 2014-ல் அதே பெயரோடு தோற்றார்.

பாஜக மறுபடி ஜெயிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், 2014 போல எதிரணி நான்காகப் பிரிந்தால். மூன்றே முக்கால் லட்சம் அவர்களுக்கு நிலையான முதல். திமுகவும் காங்கிரஸும் ஒரே அணியில் இருக்கும்வரை அது போதாது. அதற்கு மேல் இரண்டு லட்சம் வேண்டும். அதைத் தேடவேண்டிய இடம் மேற்கே விளவங்கோடு, கிள்ளியூர். அந்த இரண்டு சட்டமன்றத் தொகுதிகளின் படிவம் 20-ஐ 2014-க்கும் 2024-க்கும் எடுத்து வைத்துப் பாருங்கள், என் பேச்சை நம்பவேண்டிய அவசியம் இருக்காது.